"சுகரை எழுதாதீங்க சார்" என்று ஏஜென்ட் சொன்னால்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. பதினைந்து வருடமாகச் சுகர், பிபி. 2019-ல் ஒரு ஸ்டென்ட் வைத்தோம். அம்மாவுக்கு 63, தைராய்டு மட்டும். தங்கையின் பிரசவத்துக்காக இருவரும் ஐந்து மாதம் நியூ ஜெர்சி போகிறார்கள். ட்ராவல் இன்சூரன்ஸ் கட்டாயமா? அப்பாவுக்கு ஏற்கனவே இருக்கும் நோய்களுக்கு அது உதவுமா? ஏஜென்ட், "சுகர், ஸ்டென்ட் எதையும் எழுதாதீங்க சார், பிரீமியம் ஏறிடும், சில கம்பெனியில பாலிசியே தர மாட்டாங்க" என்கிறார். என்ன செய்வது?

பதில்:

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எழுதுங்கள். சுகர், பிபி, ஸ்டென்ட், இரவில் போடும் கொலஸ்ட்ரால் மாத்திரை வரை எல்லாவற்றையும் எழுதுங்கள். வெளிநாட்டு மருத்துவ க்ளெய்ம் ஃபைல்களைப் பார்க்கும் மேசையில் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். நிராகரித்துத் திருப்பி அனுப்பிய ஃபைல்களில் என்னைத் தூங்கவிடாமல் செய்தவை எல்லாம், யாரோ ஒரு ஏஜென்ட் "இல்லை" என்ற கட்டத்தில் டிக் அடித்தவைதான்.

மறைத்தால் எப்படித் தெரியும் என்று பலர் கேட்பார்கள். கம்பெனி துப்பறிய வேண்டியதே இல்லை. அமெரிக்க மருத்துவமனையில் எமர்ஜென்சிக்குள் நுழைந்ததும் முதலில் கேட்பது "வீட்டில் என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள்?" என்பதைத்தான். தங்கை பதறிப்போய் அப்பாவின் மாத்திரை டப்பாவை அப்படியே எடுத்துக் கொடுப்பாள். நர்ஸ் ஒவ்வொன்றாகப் படித்துக் கணினியில் ஏற்றுவார்: மெட்ஃபார்மின், டெல்மிசார்ட்டன், க்ளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின். அந்தப் பட்டியல் மருத்துவப் பதிவின் முன்பக்கத்திலேயே வந்துவிடும். அதற்குக் கீழே "2019-ல் ஸ்டென்ட்" என்று ஒரு வரி. க்ளெய்ம் மேசையில் இருப்பவர் அதையும் பாலிசி கேட்டு நீங்கள் தந்த விண்ணப்பமான ப்ரொபோசல் ஃபார்மையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், வேலை முடிந்தது. இப்போது ஃபார்ம் எல்லாம் ஆன்லைனில். கட்டத்தில் டிக் அடித்தது ஏஜென்டாக இருக்கலாம், ஆனால் ஓடிபி வந்தது உங்கள் போனுக்கு. அந்த ஆறு இலக்கம்தான் உங்கள் கையெழுத்து. "ஏஜென்ட் சொன்னார்" என்பதற்கு அங்கே மதிப்பில்லை.

மறைத்ததற்கான தண்டனை சுகர் சம்பந்தப்பட்ட க்ளெய்மோடு நின்றுவிடும் என்றும் நினைக்காதீர்கள். முக்கியமான தகவலை மறைத்து வாங்கிய பாலிசி என்று முடிவு செய்துவிட்டால் மொத்தப் பாலிசியையுமே கேள்விக்குள்ளாக்கலாம். சுகரோடு தொடர்பே இல்லாத விபத்துக்குக்கூட, பணம் வருவதற்குள் போராட வேண்டியிருக்கும்.

எழுதினால் என்ன லாபம் என்பதற்கு உச்ச நீதிமன்றமே ஒரு பதில் சொல்லியிருக்கிறது. 2009-ல் ஒருவர் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காக அமெரிக்கா கிளம்புகிறார். வெளிநாட்டு மெடிக்ளெய்ம் எடுக்கிறார். சுகர் இருப்பதைச் சொல்கிறார், மருத்துவப் பரிசோதனையும் நடக்கிறது, பாலிசி வருகிறது. சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதுமே வியர்த்துக் கொட்டி, உடம்பு தளர்ந்து, மருத்துவமனை. மூன்று ஸ்டென்ட் வைக்கிறார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கிறது: சுகரும் கொலஸ்ட்ராலும் ஏற்கனவே இருந்தவை, கொலஸ்ட்ராலுக்கான ஸ்டாட்டின் மாத்திரை எடுப்பதை வேறு சொல்லவில்லை என்று. தேசிய நுகர்வோர் ஆணையத்திலும் அவர் தோற்றார். 2021 டிசம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. விண்ணப்பத்தில் சொன்ன நோயைத் தெரிந்துகொண்டு, உடல்நிலையை எடைபோட்டுப் பாலிசி கொடுத்த பிறகு, அதே நோயைக் காட்டிக் க்ளெய்மை மறுக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். சுகர் நோயாளிகளுக்கு முன்னெச்சரிக்கையாகவே ஸ்டாட்டின் கொடுக்கும் வழக்கம் உண்டு என்பதும் அங்கே பேசப்பட்டது.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். அவர் ஜெயித்ததற்கு அடித்தளம், சுகரை முதலிலேயே சொல்லியிருந்தது. இன்னொன்று, ஜெயிப்பதற்குப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று. ஒரு ஸ்டாட்டின் மாத்திரையைக் காரணம் காட்டி அவ்வளவு காலம் இழுக்க முடிந்தது என்றால், உங்கள் அப்பாவின் ஸ்டென்டை மறைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி, கட்டாயமா என்ற கேள்வி. அமெரிக்க விசிட்டர் விசாவுக்குக் கட்டாயம் இல்லை. தூதரகத்தில் யாரும் கேட்க மாட்டார்கள், விமான நிலையத்திலும் கேட்க மாட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், கேட்கிற நாடுகளில் செலவு இதைவிடக் குறைவு. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குச் சேர்த்துத் தரும் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ கவர் இல்லாமல் விண்ணப்பமே செல்லாது. பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கான கனடாவின் சூப்பர் விசாவுக்கு, நுழையும் நாளிலிருந்து ஒரு வருடத்துக்குக் குறைந்தது 1,00,000 கனடா டாலர் கவர் காட்ட வேண்டும். பிரிட்டனில் கட்டாயம் இல்லை. அங்கே எமர்ஜென்சி பிரிவில் பார்ப்பது இலவசம், ஆனால் வார்டில் சேர்த்துவிட்டால் வெளிநாட்டு விசிட்டருக்கு என்எச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையின் கட்டணத்தைப் போல 150 சதவீதம் போடுவார்கள். எங்கே மடியில் கைவைத்துப் பில் போடுவார்களோ அந்த அமெரிக்காவில், எடுப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

எடுக்காமல் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களா என்றால், இல்லை. 1986-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. மெடிகேர் என்ற அரசின் முதியோர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் வாங்கும் மருத்துவமனைகள், அதாவது கிட்டத்தட்ட எல்லாமே, எமர்ஜென்சிக்கு வருபவரைப் பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து, நிலைமையைச் சீராக்கியாக வேண்டும். உயிரைக் காப்பாற்றுவார்கள். பில் பிறகு வரும், அதுவும் ஒரு பில் அல்ல. மருத்துவமனைக்கு ஒன்று, எமர்ஜென்சி டாக்டருக்கு ஒன்று, ஸ்கேனைப் படித்த ரேடியாலஜிஸ்டுக்கு ஒன்று, மயக்க மருந்து கொடுத்தவருக்கு ஒன்று, ஆம்புலன்ஸுக்கு ஒன்று என்று, அப்பா ஊர் திரும்பிய பிறகும் தங்கை வீட்டுத் தபால்பெட்டியில் விழுந்துகொண்டே இருக்கும். ஆஞ்சியோ, ஸ்டென்ட், நாலு நாள் தங்கல் என்றால் ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவது அங்கே அதிசயமில்லை. ரூபாயில் அது கோடியை ஒட்டிய தொகை.

தங்கையின் ஆபீஸ் இன்சூரன்ஸில் அப்பா அம்மாவைச் சேர்க்க முடியாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். பெரும்பாலும் முடியாது, அது கணவன், மனைவி, பிள்ளைகளுக்கானது. இங்கே எடுத்திருக்கும் குடும்ப மெடிக்ளெய்மும் சாதாரணமாக இந்திய எல்லையோடு நின்றுவிடும். அமெரிக்காவில் ஏற்கனவே இருக்கும் நோயைக் காரணம் காட்டி இன்சூரன்ஸ் மறுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே என்று யாராவது வாட்ஸாப்பில் சொன்னால், அது அந்த ஊர்க்காரர்களின் முறையான ஹெல்த் பிளான்களுக்கு மட்டும்தான். விசிட்டருக்கு விற்கும் பாலிசிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

இப்போது நீங்கள் கேட்டதிலேயே கனமான பகுதிக்கு வருகிறேன். ஏற்கனவே இருக்கும் நோய். துறையில் இதை "பிஇடி" என்போம். பாலிசியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் 5 லட்சம் டாலர் என்று போட்டிருப்பதை விட்டுவிடுங்கள். உங்கள் அப்பா மாதிரி ஒருவருக்குப் பாலிசியின் உண்மையான மதிப்பு இந்த ஒரு ஷரத்தில்தான் இருக்கிறது.

இந்தியாவில் விற்கும் ட்ராவல் பாலிசிகளில் மூன்று ரகம் பார்க்கலாம். முதல் ரகம், ஏற்கனவே இருக்கும் நோயும் அதனால் வரும் சிக்கலும் கிடையவே கிடையாது என்று சொல்வது. சுகர்க்காரருக்கு மாரடைப்பு வந்தால்கூட "சுகரின் சிக்கல்" என்று எழுத அதில் இடம் உண்டு. இரண்டாவது, உயிருக்கு ஆபத்தான அவசர நிலையில், உயிரைக் காப்பாற்றவும் கடும் வலியைத் தணிக்கவும் ஆகிற செலவை மட்டும் தருவது. நிலைமை சீரானதும் கவர் நின்றுவிடும். பலவற்றில் இதற்குத் தனி உச்சவரம்பும் இருக்கும். மூன்றாவது, நோயைச் சொல்லி, கூடுதல் பிரீமியம் கட்டி, அதையும் சேர்த்துக் கவர் வாங்குவது. மூன்றாவது ரகம் எல்லாக் கம்பெனியிலும் கிடைக்காது, கிடைத்தாலும் மருத்துவ ரிப்போர்ட் கேட்பார்கள். கொடுங்கள். அவர்கள் கேட்டுப் பார்த்துவிட்டுப் பாலிசி தந்தால்தான் மேலே சொன்ன தீர்ப்பு உங்களுக்குத் துணைக்கு வரும்.

இந்தியப் பாலிசியில் இன்னொரு பொறி சப்-லிமிட். 60 வயது தாண்டியவர்களுக்குப் பல திட்டங்களில் உள்ளே ஒரு அட்டவணை இருக்கும்: அறை வாடகை நாளுக்கு இவ்வளவு, ஐசியு இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு, ஆம்புலன்ஸுக்கு இவ்வளவு. அறுவை சிகிச்சைக்கு 10,000 டாலர் என்று உள்ளே இருந்தால், வெளியே 5 லட்சம் என்று எழுதியிருப்பது கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த சாமி படம் மாதிரிதான், கும்பிட்டுக்கொள்ளலாம். சப்-லிமிட் இல்லாத ஒரு லட்சம், சப்-லிமிட் உள்ள ஐந்து லட்சத்தைவிட மேல். ஏஜென்டிடம் "கவர் எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன் "அப்பா வயசுக்கு சப்-லிமிட் உண்டா?" என்று கேளுங்கள். அவர் முகம் மாறுவதிலேயே பாதி பதில் கிடைத்துவிடும்.

அடுத்த வழி, அமெரிக்காவிலேயே விசிட்டர்களுக்கு விற்கும் பாலிசிகள். தங்கை அங்கிருந்தபடியே, அவர்கள் கிளம்புவதற்கு முன் ஆன்லைனில் வாங்கலாம். இதிலும் இரண்டு வகை. ஒன்று, ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று பட்டியல் போட்டுக் கொடுப்பது. விலை மலிவு. டாக்டரைப் பார்க்க 60 டாலர் தருவோம் என்று இருக்கும், டாக்டர் 300 கேட்டால் மீதி நம் தலையில். வாங்காதீர்கள். மற்றது காம்ப்ரிஹென்சிவ். முதலில் நாம் கட்ட வேண்டிய டிடக்டிபிள், பிறகு ஒரு தொகை வரை பங்கு பிரித்தல், அதற்கு மேல் பாலிசித் தொகை வரை கம்பெனி. பரவலாக இருக்கும் ஒரு அமைப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். டிடக்டிபிள் 250 டாலர், அடுத்த 5,000 டாலரில் கம்பெனி 80 சதவீதம், நாம் 20 சதவீதம். நம் கையிலிருந்து போவது 250-ம் 1,000-மும் சேர்ந்து 1,250 டாலர். கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள நெட்வொர்க் மருத்துவமனைக்குப் போனால் பில் எவ்வளவு ஏறினாலும் அதற்கு மேல் கவலை இல்லை, பாலிசி வரம்பைத் தாண்டாத வரை.

இந்த அமெரிக்கத் திட்டங்களில் பழைய நோய்க்கு இருக்கிற சலுகையின் பெயர் "அக்யூட் ஆன்செட்". ஏற்கனவே இருக்கும் நோய் திடீரென்று, முன்னறிவிப்பு இல்லாமல், வேகமாக முற்றி, உடனடியாகச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு வெடித்தால் கவர் உண்டு. மெல்ல மெல்ல மோசமானால் கிடையாது. வழக்கமான செக்கப், மாத்திரை வாங்குவது, சுகர் டெஸ்ட் இவற்றுக்கும் கிடையாது. கூடவே ஒரு நிபந்தனை: அறிகுறி தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும்.

அந்த 24 மணி நேரத்தில்தான் நம்மவர்கள் கவிழ்கிறார்கள். நம் அப்பாக்களின் குணம் தெரியுமே. நெஞ்சு கனத்தால் "வாயு" என்பார். பெருங்காயம் போட்ட மோர் கேட்பார். மகளுக்குச் செலவு வைக்கக் கூடாது, மாப்பிள்ளைக்கு லீவு போட வைக்கக் கூடாது என்று இரண்டு நாள் வாயைத் திறக்க மாட்டார். மூன்றாம் நாள் எமர்ஜென்சிக்குப் போகும்போது நோயும் முற்றியிருக்கும், ஷரத்தும் கைவிட்டிருக்கும்.

எனக்கு வந்த ஒரு ஃபைல் இன்றும் நினைவில் இருக்கிறது. எமர்ஜென்சியில் ட்ரையாஜ், அதாவது யாருக்கு எவ்வளவு அவசரம் என்று முதலில் பார்க்கும் இடத்து நாற்காலி. பெரியவர் கையில் பிபி பட்டை. மகள் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கிறாள். நர்ஸ் தட்டச்சு செய்துகொண்டே "எப்போதிலிருந்து?" என்று கேட்கிறார். பெரியவர் சொல்கிறார்: "ரெண்டு மூணு மாசமாவே இருக்கும்மா, மாடி ஏறினா." மகள் அப்படியே ஆங்கிலத்தில் சொல்கிறாள். பதிவில் ஏறுகிறது: "இரண்டு மூன்று மாதங்களாக அறிகுறி." பிறகு விசாரித்தால், மூன்று மாதமாக இருந்தது மாடி ஏறினால் முழங்கால் வலி, கொஞ்சம் மூச்சு வாங்கல். நெஞ்சு இறுக்கம் வந்தது அன்று காலை ஐந்தரை மணிக்கு, பல் தேய்க்கும்போது. ஆனால் காகிதத்தில் இருப்பது மூன்று மாதம். க்ளெய்ம் நின்றுபோனது. மருத்துவமனையிடம் திருத்தம் வாங்கி, சிகிச்சை கொடுத்த டாக்டரிடம் கடிதம் வாங்கி, முடிவதற்கு ஒரு வருடம் பிடித்தது. கம்பெனி பெயர் வேண்டாம். அன்று நிராகரிப்புக் கடிதத்தின் வரைவை எழுதியவன் நானே.

அதனால் தங்கையிடம் இப்போதே சொல்லி வையுங்கள். டாக்டரிடம் எதையும் மறைக்கக் கூடாது, சிகிச்சை அதை நம்பித்தான். ஆனால் எது பழசு, எது இன்று வந்தது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். "முழங்கால் வலி மூன்று மாதமாக. நெஞ்சு இறுக்கம் இன்று காலை ஐந்தரைக்கு." "ரெண்டு மூணு மாசம்" என்பது நம் பேச்சில் ஒரு குத்துமதிப்பு. அங்கே அது ஆவணம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் மருத்துவமனையே போனில் தமிழ் பேசுபவரை ஏற்பாடு செய்து தருவதும் உண்டு. பதற்றத்தில் இருக்கும் மகளைவிட அவர் நிதானமாகச் சொல்வார்.

வயதையும் பாருங்கள். பல அமெரிக்கத் திட்டங்களில் இந்த அக்யூட் ஆன்செட் சலுகை 70 வயதோடு சுருங்கிவிடும், அல்லது நின்றுவிடும். அப்பாவுக்கு 68 என்பதால் இப்போது தப்பித்தீர்கள். சில திட்டங்களில் இதயத்துக்கும் பக்கவாதத்துக்கும் மட்டும் தனியாகச் சிறிய உச்சவரம்பு வைத்திருப்பார்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு அதுதான் முதலில் பார்க்க வேண்டிய வரி.

என் யோசனை இது. இருவருக்கும் ஒரே பாலிசி வாங்க வேண்டும் என்று சட்டமில்லை. ஜோடியாக வாங்குவது பட்டுப்புடவை, வேட்டிக்குச் சரி. அப்பாவுக்கு, ஸ்டென்டைத் தெரிந்துகொண்டு எழுத்தில் கவர் தரும் இந்தியப் பாலிசி சப்-லிமிட் இல்லாமல் கிடைத்தால் அதை எடுங்கள். கிடைக்காவிட்டால் அமெரிக்க காம்ப்ரிஹென்சிவ், அக்யூட் ஆன்செட்டோடு, குறைந்தது இரண்டரை லட்சம் டாலர். பிரீமியம் கையைக் கடித்தால் டிடக்டிபிளை 500 அல்லது 1,000 ஆக உயர்த்துங்கள், கவரைக் குறைக்காதீர்கள். சின்னச் செலவை நாம் பார்த்துக்கொள்ளலாம், பெரியது வந்தால்தான் வீடு போகும். அம்மாவுக்கு நல்ல இந்தியப் பாலிசியே போதும், தைராய்டை எழுதிவிட்டு. இரண்டு பேருக்கும் விமான டிக்கெட்டுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் கொடுத்துவிட்டுப் பிரீமியத்தில் நாலாயிரம் மிச்சம் பிடிப்பது யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற கதை.

பாலிசித் தேதி இந்தியாவில் வீட்டை விட்டுக் கிளம்பும் நாளிலிருந்து திரும்பி வரும் நாள் வரை இருக்கட்டும். பிரசவம் முன்னே பின்னே ஆகும், குழந்தையை விட்டு வர மனசு வராது, டிக்கெட்டைத் தள்ளிப்போடுவார்கள். நீட்டிப்பதென்றால் பாலிசி முடிவதற்கு முன்பே கேட்க வேண்டும், அதுவரை உடம்பு நன்றாக இருந்தது என்று எழுதித் தரவும் வேண்டியிருக்கும். முடிந்த மறுநாள் ஞாபகம் வந்தால் பயனில்லை. பதினைந்து இருபது நாள் கூடுதலாகப் போட்டே எடுத்துவிடுங்கள்.

கிளம்புவதற்கு முன் அப்பாவை அவருடைய கார்டியாலஜிஸ்டிடம் ஒருமுறை காட்டி, பயணத்துக்குத் தகுதி என்று எழுதி வாங்குங்கள். டாக்டர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் பயணம் செய்தால் எந்தப் பாலிசியும் நிற்காது. ஒரு எச்சரிக்கை: கிளம்புகிற வாரத்தில் மாத்திரையை மாற்றிக்கொண்டு போகாதீர்கள். கனடா பாலிசிகளில் "ஸ்திரமாக இருந்த நோய்" என்ற கணக்கே உண்டு, 90 அல்லது 180 நாளாக மாத்திரை, அளவு எதுவும் மாறாமல் இருந்தால்தான் கவர். பிபி மாத்திரையை 40-லிருந்து 80 ஆக்கினால்கூட ஸ்திரம் போய்விட்டது என்பார்கள். மாற்றத்தான் வேண்டும் என்றால் டாக்டர் சொல்கிறபடி மாற்றுங்கள், ஆனால் அதைக் கம்பெனிக்குத் தெரிவியுங்கள்.

மாத்திரை விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், க்ளெய்முக்கே போகாமல் தப்பிக்கும் வழி அது. விசிட்டர்கள் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுபோக அமெரிக்கா பொதுவாக அனுமதிப்பது 90 நாள் மாத்திரை. உங்களுக்கு ஐந்து மாதம். மீதிக்கு அங்கே ஒரு டாக்டரைப் பார்த்துச் சீட்டு வாங்க வேண்டும், நம் ஊர்ச் சீட்டு அங்கே மருந்துக்கடையில் செல்லாது. மெட்ஃபார்மின், அடோர்வாஸ்டாட்டின், க்ளோபிடோக்ரெல் எல்லாம் அங்கே மலிவாகவே கிடைக்கும். சிக்கல் வேறு இடத்தில். நம் ஊர் டாக்டர்கள் சுகருக்குத் தாராளமாக எழுதும் வில்டாக்ளிப்டின், டெனலிக்ளிப்டின், வோக்ளிபோஸ் மூன்றும் அமெரிக்காவில் விற்பனைக்கே இல்லை. மூன்று மருந்து ஒரே மாத்திரையில் கலந்து வருகிற நம் காம்பினேஷன்களும் பெரும்பாலும் கிடைக்காது. அப்பா இவற்றில் ஏதாவது எடுக்கிறாரா என்று இன்றே பாருங்கள். எடுத்தால், அங்கே கிடைக்கும் எதை அதற்குப் பதில் போடலாம் என்று இங்குள்ள டாக்டரிடமே கேட்டு, கடிதத்தில் எழுதி வாங்குங்கள். அந்தக் கடிதத்தில் பிராண்ட் பெயர் வேண்டாம், மருந்தின் பெயர் வேண்டும். நம் பாராசிட்டமாலுக்கே அங்கே அசிட்டமினோஃபென் என்று பெயர். டோலோ என்றால் யாருக்கும் புரியாது.

எல்லா மாத்திரையும் கைப்பையில் வரட்டும். பெட்டியில் போட்டால், பெட்டி தோஹாவில் நின்றுவிடும், அப்பா நியூ ஜெர்சி போய்விடுவார். ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் கட்டாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரெலை இரண்டு நாள் விடுவது விளையாட்டில்லை. இன்சுலின் போடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம், சரக்குப் பகுதியின் குளிரில் உறைந்தால் இன்சுலின் கெட்டுவிடும்.

அங்கே உடம்புக்கு ஏதாவது வந்தால், எல்லாவற்றுக்கும் எமர்ஜென்சிக்கு ஓடக் கூடாது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சின்ன வெட்டுக்காயம் என்றால் "அர்ஜென்ட் கேர்" என்று தனி கிளினிக்குகள் இருக்கும், சில நூறு டாலரோடு முடியும். அதே காய்ச்சலுக்கு எமர்ஜென்சிக்குள் போனால் சில ஆயிரம். நெஞ்சுவலி, வாய் கோணுதல், பேச்சுக் குழறல், நினைவு தப்புதல் என்றால் யோசிக்கவே வேண்டாம், அங்குள்ள அவசர எண் 911. அந்த நேரத்தில் பாலிசியைத் தேடாதீர்கள். ஆளைச் சேர்த்த பிறகு, 24 மணி நேரத்துக்குள் பாலிசியில் இருக்கும் உதவி எண்ணைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். நெட்வொர்க்கில் இருக்கும் மருத்துவமனையில் பில்லை நேரடியாகக் கம்பெனிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். டிஸ்சார்ஜ் ஆகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியும், ஒவ்வொரு செலவையும் பிரித்துக் காட்டும் பில்லும் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் மொத்தத் தொகை போட்ட ஒரு தாள்தான் வரும், அதை வைத்து எந்த க்ளெய்ம் மேசையும் பணம் தராது.

பல் விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். என் மாமியார் டாலஸில் முறுக்கைக் கடித்து, கட்டிய பல்லை உடைத்துக்கொண்டார். முறுக்கு இங்கிருந்து நாங்கள் கொடுத்தனுப்பியது. திடீர் வலியைத் தணிக்கிற செலவுக்குத்தான் பாலிசி, அதுவும் ஒரு சின்னத் தொகை. புதுப் பல் சென்னை வந்துதான் கட்டினார்.

பேசப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அங்கே யாராவது தவறிவிட்டால் உடலை ஊருக்குக் கொண்டுவருவது பெருஞ்செலவு, அலைச்சல். பெரும்பாலான பாலிசிகளில் இதற்குத் தனித் தொகை இருக்கும். இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள்.

க்ளெய்ம் நிராகரித்துவிட்டால், இந்தியப் பாலிசியாக இருந்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்தது திருப்தி இல்லாவிட்டாலோ இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன், அதாவது இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் அதிகாரி. சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்கலாம். நிராகரித்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அமெரிக்கப் பாலிசிக்கு இந்த வழி கிடையாது, அதை விற்ற கம்பெனிக்கான மேல்முறையீடும் அந்த மாநிலத்து இன்சூரன்ஸ் துறையும்தான். இன்சூரன்ஸே இல்லாமல் மாட்டிக்கொண்டவர்களும் முழுப் பில்லையும் உடனே கட்டிவிடக் கூடாது. அங்கே லாப நோக்கமற்ற மருத்துவமனைகள் நிதி உதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதற்கான படிவத்தைக் கேளுங்கள், சொந்தப் பணம் கட்டுபவருக்கான தள்ளுபடியையும் கேளுங்கள். கேட்டவர்களுக்குக் கணிசமாகக் குறைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் ஏஜென்ட் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. இந்த மாதத்து டார்கெட் அவருக்கு. க்ளெய்ம் வரும்போது அவர் வேறு கம்பெனியில்கூட இருக்கலாம். அவரிடம் சண்டை வேண்டாம், ஒன்று மட்டும் கேளுங்கள்: "சுகரையும் ஸ்டென்டையும் குறிப்பிட வேண்டாம் என்று நான்தான் ஆலோசனை சொன்னேன்" என்று ஒரே ஒரு வரி ஈமெயிலில் போட்டுவிடச் சொல்லுங்கள். போட மாட்டார். மறுநாள் ஸ்டென்டுக்குக் கட்டம் இருக்கிற ஃபார்மோடு அவரே வருவார்.